சமூகத்துக்கு ஒரு மனு

பேட்டி காண வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரு கேள்வி தவறாமல் கேட்கிறார்கள்: "நீங்கள் முதன் முதலாக எழுதிய கதை எது?" நானும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். உண்மையில் நான் முதன் முதலாக எழுதியது கதையே அல்ல, மனு. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எழுதச் சொன்னவர் என் அப்பாரு. விஷயம், கிணற்று மேட்டில் நின்ற ஒரு புளியமரம். அது எங்கள் பட்டா நிலத்தில் நிற்கிறதா, புறம்போக்கில் நிற்கிறதா என்பது வழக்கு.

அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே வாசகம் சொல்வார். நான் எழுதுவேன். "மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரையவர்கள் திவ்ய சமூகத்துக்கு" என்று ஆரம்பிக்க வேண்டும். பிறகு நாங்கள் எவ்வளவு ஏழைகள் என்பது. எத்தனை தலைமுறையாக நிலுவையில்லாமல் கிஸ்து கட்டி வருகிறோம் என்பது. கடைசியில், "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று முடிக்க வேண்டும். கருணை இல்லாத மனுவை அப்பாரு ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "வெள்ளைக்காரன் போய்ப் பதினைந்து வருஷம் ஆச்சே அப்பாரு. இப்ப இருக்கிறது நம்ம ஆளுதானே? துரைன்னு எதுக்கு எழுதணும்?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் போயிட்டான் கண்ணு. நாற்காலி அங்கயேதானே கிடக்குது? துரைங்கறது நாற்காலியோட பேரு. நீ எழுது" என்றார்.

மரம் புறம்போக்கில்தான் நிற்கிறது என்று பதில் வந்தது. புளியமரத்தின் கதை அதோடு முடிந்தது. நாற்காலியின் கதைதான் எனக்குள் முடியாமல் இருந்துகொண்டே இருக்கிறது.

அந்த நாற்காலி எங்கோ சீமையில் செய்து கப்பலில் வந்தது என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தேன். பாதி உண்மைதான். கலெக்டர் என்ற உத்தியோகத்தை 1772-ஆம் வருஷம் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஏற்படுத்தினார். ஆனால் குடியானவன் ஒவ்வொருவனோடும் நேருக்கு நேர் நின்று கணக்குப் பார்க்கிற கலெக்டர் இருக்கிறாரே, அவர் எங்கள் பக்கத்துச் சரக்கு. இதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கத்தோடு சொல்வதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்கு இந்தப் பூமி தெரிந்திருக்கும். கிழக்கே போதமலையும் கொல்லிமலையும் கூடவே வரும். மற்றப் பக்கமெல்லாம் சோளம், நிலக்கடலை, மரவள்ளி. நடுநடுவே எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற கிணறுகள். காவேரிக் கரையோரத்தை விட்டுவிட்டால், மழையை நம்பிக் கிடக்கிற மேட்டுக்காடுதான் அதிகம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தபோது, சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. காரன்வாலிஸ் பிரபு இந்தச் சீமையைச் சிவில் உத்தியோகஸ்தர்களிடம் ஒப்படைக்கவில்லை. ஒரு ராணுவக்காரரிடம் ஒப்படைத்தார். காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்று பெயர். அவருக்கு உதவியாக வந்த மூன்று பேரும் பட்டாளத்து ஆசாமிகளே: மக்லியோட், கிரஹாம், தாமஸ் மன்றோ.

துப்பாக்கி பிடித்த கை சங்கிலியைப் பிடித்தது. காடு காடாக, வயல் வயலாக அளந்தார்கள். மண் செம்மண்ணா, கரிசலா, கிணறு உண்டா, எவ்வளவு விளையும், உழுகிறவன் பெயர் என்ன என்று எழுதினார்கள். இடையில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிறவனே சர்க்காருக்கு நேராகக் கட்டட்டும் என்று தீர்மானித்தார்கள். ரயத்துவாரி முறை இப்படித்தான் உருவாயிற்று. நடுவில் 1802-க்குப் பிறகு, வங்காளத்துப் பாணியில் இந்தச் சீமையை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டுப் பார்த்தார்கள். பல மிட்டாக்கள் நிலைக்கவில்லை. மிட்டாதார் என்ற பட்டம் மட்டும் சேலம் பக்கத்தில் சில குடும்பப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டது. மன்றோ 1820-ல் சென்னைக் கவர்னராக வந்தபோது ரயத்துவாரியே ராஜதானியின் பொதுமுறையாகிவிட்டது.

மன்றோவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தீர்வையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-லேயே எழுதியவர் அவர். இந்த நாட்டு ஜனங்களை உயர்ந்த உத்தியோகங்களுக்கு வெளியே நிறுத்திவைப்பது அவர்களைத் தாழ்த்துவதாகும் என்று 1824-ல் கவர்னராக இருந்துகொண்டே எழுதினார். சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் அவருடைய சிலையை யாரும் இன்று வரை இறக்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் செய்த நாற்காலியில் அடுத்து யார் உட்காருவார் என்பது அவர் கையில் இல்லையே!

நாற்காலியின் நோக்கம் ஒன்றுதான்: வசூல். கலெக்டர் என்ற சொல்லுக்கே வசூலிக்கிறவர் என்றுதான் அர்த்தம். 1816-ஆம் வருஷத்துச் சட்டங்களால் போலீஸும் மாஜிஸ்டிரேட் அதிகாரமும் அவரிடமே வந்து சேர்ந்தன. வசூலிலே அநியாயம் நடந்தால் யாரிடம் பிராது கொடுப்பது? வசூலிக்கிறவரிடமேதான். இதனால் என்னவெல்லாம் நடந்தது என்பதை 1855-ல் சென்னையில் வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையில் பார்க்கலாம். தீர்வை பாக்கிக்காகக் குடியானவர்களின் விரல்களைக் கிட்டிக்குள் வைத்து நெரித்ததும், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி அண்ணாந்தாள் போட்டதும் சர்க்கார் அறிக்கையிலேயே அச்சாகியிருக்கின்றன. செய்தவர்கள் கீழ்ச் சிப்பந்திகள், நம்மவர்கள். மேலே இருந்தவர்கள் தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

பிறகு தாது வருஷப் பஞ்சம். 1871 ஜனக் கணக்கில் சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 16 லட்சம். செத்தவர்களும் உண்டு; ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. அவரவர் வயல் இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட் என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்த ராஜாங்கத்துக்கு, அவரவர் குதிரில் தானியம் தீர்ந்துபோனதைத் தெரிந்துகொள்ளும் வழி அவ்வளவு துல்லியமாக அமையவில்லை. அளப்பதற்குச் செய்த கருவி அளக்கத்தான் செய்யும்.

சரி, இதெல்லாம் பழங்கதை; 1947-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். நாற்காலியை உடைத்து அடுப்பிலே போடவேண்டும் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் வல்லபபாய் படேல் பழைய உத்தியோகஸ்தர்களுக்காக எழுந்து நின்று வாதாடினார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. தேசம் இரண்டாகப் பிளந்து, லட்சக்கணக்கான அகதிகள் வழியில் நின்ற சமயம் அது. ஓடுகிற வண்டியில் அச்சை மாற்ற முடியுமா? வண்டி நின்ற பிறகாவது மாற்றினோமா என்பதுதான் என் கேள்வி.

ஒன்றை மாற்றினோம், பெயரை. ஆங்கிலத்திலே அது அடக்கமான பெயர்; வசூல்காரர், அவ்வளவுதான். அதைத் தமிழாக்கும்போது நாம் என்ன செய்தோம்? 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்றோம். பிறகு 'ஆட்சியர்' என்று சுருக்கினோம். அந்நியன் தண்டல்காரன் என்று வைத்த பெயரைச் சுதந்திர நாட்டுப் பிரஜைகளாகிய நாம் ஆள்கிறவர் என்று உயர்த்தினோம்! நாம் மட்டுமல்ல. இலங்கையில் வெள்ளைக்காரன் 'கவர்ன்மெண்ட் ஏஜெண்ட்' என்று ஒரு உத்தியோகம் வைத்தான். ஏஜெண்ட் என்றால் முகவர். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அதை 'அரசாங்க அதிபர்' என்று ஆக்கினார்கள். அவருடைய ஆபீசுக்கு அங்கே கச்சேரி என்று பெயர். கச்சேரி என்றால் நமக்குப் பாட்டுத்தான் ஞாபகம் வரும். அங்கே போகிறவர்களுக்கு வரிசையில் நிற்பதுதான் ஞாபகம் வரும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். கென்யா 1963-ல் சுதந்திரம் பெற்றது. ஜில்லா கமிஷனர்கள் வெள்ளைக்காரக் கவர்னருக்குப் பதில் சொன்ன இடத்தில், சொந்த நாட்டு ஜனாதிபதிக்குப் பதில் சொன்னார்கள், ஊராருக்கு அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர்களை ஜில்லா தோறும் வைக்க 2010-ல் புதிய அரசியல் சட்டம் வரவேண்டியிருந்தது. கஜானா காலியாக, ஆசைகள் மலையாக நின்ற புதிய சர்க்கார்களுக்கு, மேலிருந்து கீழே உத்தரவு போகவும் கீழிருந்து மேலே பணம் வரவும் ஒரு குழாய் தயாராகக் கிடைத்தது. அதை யார்தான் பிடுங்கி எறிவார்கள்?

குழாயைப் பிடுங்கிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரும் சேலத்துக்காரர்தான். இங்கே வக்கீலாக இருந்து, நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தச் சேலம் ஜில்லாவில்தான் முதன் முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் வெள்ளைக்கார சர்க்காருக்குப் பெரிய வருமானம். அதை வேண்டாம் என்றார். ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார். பின்னால் என்ன நடந்தது? 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்துகிறது. விற்பனை வரியும் நின்றது. சாராய வருமானமும் திரும்பி வந்தது. எந்தக் கட்சியின் மேலும் குற்றம் சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. அந்நியன் விட்டுப்போன பழக்கத்தில் மிக எளிதாக நமக்குப் படிந்தது எது என்று யோசித்தால் வசூல்தான் நினைவுக்கு வருகிறது.

நிலவரி இன்று சர்க்கார் வருமானத்தில் ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும் இலாகாவின் பெயர் வருவாய்த் துறைதான். முதியோர் பென்ஷன் வேண்டுமானாலும், வெள்ள நிவாரணம் வேண்டுமானாலும், ஜாதிச் சான்றிதழ் வேண்டுமானாலும் அங்கேதான் போகவேண்டும். தனக்கு வருமானமே இல்லை என்று நிரூபிக்க வேண்டிய கிழவி, வருவாய் ஆய்வாளரைத் தேடிக்கொண்டு போகிறாள்.

கல் விஷயமும் அப்படித்தான். ரீட் துரை காலத்திலிருந்து எங்கள் பக்கத்துக் குடியானவனுக்கு, நிலத்தில் அளவைக் கல் நட்டால் அது மேலிடத்து முடிவு என்று அர்த்தம். 2018-ல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காகச் சேலம் மாவட்டத்தில் தென்னந்தோப்புகளிலும் மஞ்சள் காட்டிலும் கல் நட்டபோது, பெண்கள் கல்லின்மேல் விழுந்து அழுததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். 2019-ல் சென்னை ஹைகோர்ட் அந்த நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சர்க்கார் புதிதாக அறிவிப்புக் கொடுத்து ஆரம்பிக்கலாம் என்றது. ரோடு வேண்டுமா வேண்டாமா என்பது தனி வாதம். கல் நட்ட பிறகு பேசுவதா, பேசிய பிறகு கல் நடுவதா என்பதுதான் அந்தப் பெண்களின் அழுகைக்குள் இருந்த வழக்கு.

இனி என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே ஒரு அக்கா இருக்கிறாள். சொந்தத்தில் அக்கா அல்ல, அக்கம்பக்கத்தில் அக்கா. புருஷன் போய் வெகு காலம். ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. 1979-லிருந்து 1987 வரை தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள், யு.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அதில் நேர்ந்த பெயர்ப் பிழைகளுக்கு இன்றைக்கும் மனுக்கள் ஓயவில்லை. அக்காவின் காடு அப்படித்தான் உட்பிரிவு மாறி, பக்கத்துக் காட்டுக்காரர் பேருக்குப் போயிற்று. அந்த மனிதர் யோக்கியர். "காடு உன்னுதுதான் ஆயா, எனக்கென்ன தெரியாதா?" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு, வெளியூரில் இருந்த பிள்ளைகள் வந்து காகிதத்தைப் பார்த்தார்கள். காகிதத்தில் அப்பா பேர் இருந்தது. விற்பதற்கு ஆள் பார்த்தார்கள்.

வருஷா வருஷம் ஜமாபந்திக்கு அக்காவுக்காக மனு எழுதுவது என் வேலையாயிற்று. பன்னிரண்டு வயதில் தொடங்கிய தொழில் கைவிடவில்லை. 'துரை'யை மட்டும் நீக்கிவிட்டேன், மீதி அப்படியே. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வரும். எழுத்து தெரியாத அக்கா அதை டிரங்குப் பெட்டியில் புருஷனின் வேஷ்டிக்கு அடியில் பத்திரமாக வைப்பாள். சமீப வருஷங்களில் பதில் கைப்பேசிக்கு வந்தது. அதைப் பெட்டியில் வைக்க முடியவில்லையே என்பது அவளுக்குக் குறை.

கடைசியில் ஒரு வருஷம் நானே கூடப் போனேன். தாலுகா ஆபீசில் சாமியானா போட்டிருந்தார்கள். மேஜைமேல் கிராமக் கணக்குகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு துணியின்மேல் நில அளவைச் சங்கிலியைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஜமாபந்தியில் கணக்கோடு சங்கிலியையும் தணிக்கை செய்வது வழக்கம். எனக்குக் காப்டன் ரீட் ஞாபகம் வந்தது. எங்களுக்கு முன்னால் எங்கள் ஊராட்சித் தலைவி நின்றுகொண்டிருந்தார், குடிதண்ணீர்த் தொட்டிக்கு மனுவோடு. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். ஆனால் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி, ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் கலெக்டர்தான். ஆகவே ஓட்டு வாங்கியவரும் ஓட்டுப் போட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றோம்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி என் மகனைவிட இளையவர். முகத்தில் களைப்பு இருந்தது, கடுமை இல்லை. "உட்காருங்க ஐயா" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. குடை தானாக மடங்கி அக்குளுக்குள் போயிற்று. தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்றே தெரியவில்லை. நாவல்கள் எழுதியவன், மேடையில் நின்று சுதந்திரத்தைப் பற்றிப் பேசியவன், அப்பாருவின் முதுகை அப்படியே வாங்கிக்கொண்டு வளைந்து நின்றேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தானும் கைகளைக் கட்டிக்கொண்டாள். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் அவளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்தப் பிள்ளை பழைய பத்திரத்தையும் தீர்வை ரசீதுகளையும் வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். மார்ஜினில் இரண்டு வரி எழுதினார். மூன்று மாதத்தில் சர்வேயர் வந்து அளந்தார். அக்கா பேருக்குப் பட்டா வந்துவிட்டது. அவர் நல்லவர், மன்றோவைப்போல. அவர் அந்த வருஷம் அங்கே வந்தது அக்காவின் அதிர்ஷ்டம். அதற்கு முந்தைய வருஷங்களிலும் காடு அவளுடையதுதான், சட்டமும் இதேதான். உரிமையாக வரவேண்டியது கருணையாக வந்தது. வந்ததே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பட்டா வந்த மறுநாள் அக்கா என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். "ஏந் தம்பி, அந்த மகராசனுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடு. நல்லா இருக்கோணும்" என்றாள்.

எழுதினேன். 'ஐயா, என் நிலம் என் பெயருக்கு வந்து சேர்ந்தது. தங்கள் கடமையைத் தவறாமல் செய்ததற்கு நன்றி' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அக்காவுக்குத் திருப்தி இல்லை.

"அதென்ன தம்பி, கடன் குடுத்தவங்க எழுதற மாதிரி இருக்குது? கருணைன்னு ஒண்ணு போடுவியே, அதக் காணோமே?"

"காடு உன்னுதுதானே அக்கா? கருணை எதுக்கு?"

"என்னுதுதான். ஆனா நாளைக்குக் கிணத்துக்கு வழி கேட்டு மறுக்கா அங்கதானே போயி நிக்கோணும்? நீ போடு."

நான் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறு காகிதம் எடுத்து, "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று எழுதினேன். அக்கா அடியில் பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு, மையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.